காலி இடத்தைக் குறிவைத்து எறிகிறவர்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் காணொளி கிடைத்தால், குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் பந்து கிளம்பும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். பந்தைப் பிடிக்கப்போகிற ரிசீவர் எங்கே என்று தேடுங்கள். நல்ல குவார்ட்டர்பேக் என்றால், பல சமயம் அந்த ரிசீவர் இன்னும் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருப்பார். பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் யாருமே இருக்கமாட்டார்கள். இப்போது காணொளியை ஓடவிடுங்கள். ரிசீவர் காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவார். திரும்பின கையோடு பந்து அவர் நெஞ்சுக்கு நேரே வந்துவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. ஒரு குவார்ட்டர்பேக்கை நம்பிப் பத்து, பதினைந்து ஆண்டு அணியை ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கான பதிலில் பாதிக்கு மேல் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும், நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தருவதில் தொடங்கும். அதற்கு ஸ்னாப் என்று பெயர். பந்தை வாங்குபவர்தான் குவார்ட்டர்பேக். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்பதெல்லாம் அவர் கையில். என்எஃப்எல் எனப்படும் தொழில்முறை லீகில் 32 அணிகள் உண்டு. அதில் பல அணிகள் பல ஆண்டுகளாக இந்த ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன.

சரி, காலி இடத்துக்கு ஏன் எறிய வேண்டும்? கணக்குப் போட்டால் விளங்கிவிடும். நன்றாக எறியப்பட்ட பந்து மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அதாவது நொடிக்கு 25 மீட்டர். ரிசீவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் பந்து போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓடுகிறவர் ஆறேழு மீட்டர் கடந்துவிடுவார். எதிரணித் தடுப்பாளரும் அதே ஆறேழு மீட்டர் ஓடுவார் என்பதுதான் சிக்கல். ரிசீவர் திரும்பி, தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எறிந்தால், பார்த்ததை மூளை உணரவும் கை அசையவும் கால் நொடியாவது போய்விடும். பந்து போய்ச் சேரும்போது அங்கே தடுப்பாளரும் இருப்பார். எதிரணி பந்தைப் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். கல்லூரி ஆட்டத்தில் ரிசீவர்கள் பல கஜம் தனித்து நிற்பார்கள், பார்த்துவிட்டு எறியலாம். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடைவெளி ஒரு கஜம், இரண்டு கஜமாகச் சுருங்கிவிடுகிறது. கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த எத்தனையோ பேர் இங்கே வந்து தடுமாறுவது இதனால்தான்.

ஸ்னாப் முதல் எறிவது வரை இரண்டரையிலிருந்து மூன்று நொடிதான் கிடைக்கும். அதற்குள் ஐந்து ரிசீவர்களையும் அவர்களைக் காக்கும் ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவெடுக்க எந்த மனித மூளையாலும் முடியாது. அப்படியென்றால் எப்படி நடக்கிறது? பெரும்பகுதி வேலை ஸ்னாப்புக்கு முன்பே முடிந்திருக்கிறது.

ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே 40 நொடி ஓடும். பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வானொலியில் பேசுவார். 1994 முதல் இதற்கு அனுமதி உண்டு. ஆனால் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் தனி ஆள். அவர் முதலில் பார்ப்பது எதிரணியின் கடைசிக் காவலர்களாக ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகளை. இரண்டு பேர் பிரிந்து நின்றால் நடுப்பகுதி இளகியிருக்கலாம்; ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் ஓரங்களில் வாய்ப்பு. சந்தேகம் இருந்தால் தன் ஆள் ஒருவரை ஸ்னாப்புக்கு முன் குறுக்கே ஓடச் சொல்வார். எதிரணியில் ஒருவர் அவரைத் துரத்திக்கொண்டே கூட வந்தால், ஆளுக்கு ஆள் காவல் என்று ஊகிக்கலாம். யாரும் நகரவில்லை என்றால், ஆளாளுக்கு ஓர் இடத்தைக் காக்கிறார்கள். ஒரு ஆளைச் சும்மா நடக்கவிட்டு எதிரியின் திட்டத்தைக் கறந்துவிடும் இந்த உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எதிரணியும் இதை அறியும். ஸ்னாப் ஆனதும் சேஃப்டி ஒருவர் சட்டென்று இடம் மாறுவார். நீங்கள் போட்ட கணக்கு பொய். அதை அரை நொடியில் அழித்துவிட்டு வேறு கணக்குக்குத் தாவ வேண்டும். இங்கேதான் நல்லவர்களும் மற்றவர்களும் பிரிகிறார்கள்.

இதன் அடியில் இருக்கும் மூளை வேலையைப் புரிந்துகொள்ளச் சதுரங்கம் உதவும். 1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது அந்த மேன்மை காணாமல் போனது. தேர்ந்தவருக்குப் பொதுவான நினைவாற்றல் கூடுதலாக இல்லை. பழகிய அமைப்புகளைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் கண் இருக்கிறது. நாம் ‘அம்மா’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லையே, அதுபோல. குவார்ட்டர்பேக்குகள் வாரம் முழுக்கப் பழைய ஆட்டங்களின் பதிவைப் போட்டுப் போட்டுப் பார்ப்பது இந்தக் கொத்துகளைச் சேர்க்கத்தான்.

கண்ணுக்குக் காலும் ஒத்துழைக்க வேண்டும். ஸ்னாப்பை வாங்கி ஐந்து எட்டு பின்னால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கால் தரையைத் தொடும்போது முதல் ரிசீவர் திரும்ப வேண்டிய நேரம். அவர் கிடைக்கவில்லை என்றால் ஒரு சின்னத் துள்ளல், இரண்டாமவரைப் பார்ப்பார். இன்னொரு துள்ளல், மூன்றாமவர். கால்தான் கடிகாரம். கால் அவசரப்பட்டால் இடுப்பும் தோளும் தப்பும், பந்தும் தப்பும். எறிதலின் வலு தரையில் தொடங்கி இடுப்பு வழியாகத்தான் கைக்கு வருகிறது.

கண் பெரிதா, கை பெரிதா என்பதற்குப் பெய்ட்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக்கின் வாழ்க்கையைவிட நல்ல சோதனை கிடைக்காது. கழுத்து அறுவைச் சிகிச்சைகளால் 2011 முழுவதும் அவர் ஆடவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு எறியும் கை வலுவிழந்தது, விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்தது. அவர் எறிந்த பந்துகள் தள்ளாடிக்கொண்டு போவதைத் திரையிலேயே பார்க்க முடிந்தது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு 2013-ல், 37 வயதில், 55 டச் டவுன் பந்துகளும் (எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து புள்ளி வாங்கித் தருபவை) 5,477 கஜங்களும் எறிந்தார். இரண்டும் அன்றைய சாதனை. கை போனபிறகும் பந்து முன்கூட்டியே கிளம்பிக்கொண்டிருந்தது. ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. 2015-ல் உடல் இன்னும் தளர்ந்தபோது 9 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன் என்று இறங்கினார். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கை ஓரளவுக்காவது வேண்டும்.

அடுத்தது பயம். குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஐந்து பேர் நின்று காப்பார்கள். அந்தக் குறுகிய இடத்தைப் பாக்கெட் என்பார்கள். 120, 130 கிலோ எடையுள்ளவர்கள் இரண்டு பக்கமும் முட்டி மோதிக்கொண்டு வரும்போது, அவர்களைப் பார்க்காமல் கண்ணைத் தொலைவிலேயே வைத்திருக்க வேண்டும். நெருக்கத்தை ஓரப் பார்வையிலும் உடம்பிலும் உணர்ந்து அரை அடி முன்னே, கால் அடி பக்கவாட்டில் நகர வேண்டும். அச்சம் கவனத்தைச் சுருக்கிவிடும் என்பது உளவியலில் நன்கு தெரிந்த செய்தி. கண் ஒருமுறை கீழே இறங்கி, வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் தொலைவில் இருப்பவர்கள் மறைந்துபோவார்கள்.

2019 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் சாம் டார்னல்ட், நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக நான்கு இன்டர்செப்ஷன் எறிந்தார். அன்று அவர் உடையில் ஒலிவாங்கி பொருத்தியிருந்தார்கள். ஓரத்தில் வந்து உட்கார்ந்தவர் ‘பேய் தெரிகிறது’ என்று சொன்னது நாடு முழுக்கக் கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இங்கே அப்படியே நடந்தது. வராத ஆள் வருவதாகத் தோன்றுகிறது, இருக்கிற வழி தெரிவதில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை. நடந்ததை அவர் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தார். அதே டார்னல்ட் 2024-ல் மினசோட்டா அணிக்காக 35 டச் டவுன் எறிந்து 14 ஆட்டங்களை வென்றுகொடுத்தார். பேய் போகக்கூடியதுதான், நல்ல ரிசீவர்களும் அவருக்குப் பொருந்திய திட்டமும் வேண்டியிருந்தன.

இவையெல்லாம் அளவுகோலில் சிக்குவதில்லை. உயரம், எடை, ஓட்டம், எறியும் தூரம் ஆகியவற்றை ஒரே நாளில் அளந்துவிடலாம். டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2000-ஆம் ஆண்டு அவரை 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். பயங்கரமான கைவலு கொண்ட ஜமார்க்கஸ் ரசலை 2007-ல் முதல் ஆளாக எடுத்தார்கள். மூன்று பருவங்களில் முடிந்துவிட்டது. 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்டு அறிவுத்திறனை அளக்கும் வாண்டர்லிக் தேர்வைப் பல காலம் நடத்திப் பார்த்துவிட்டு 2022-ல் கைவிட்டார்கள்.

எறியும் துல்லியம் பிறவியில் வருவது, திருத்த முடியாது என்றும் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஜோஷ் ஆலன் அதை உடைத்தார். 2018-ல் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் தன் ஆட்களிடம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு 58.8, அதற்கடுத்து 69.2. இடையில் இடுப்பும் காலும் இயங்கும் விதத்தைத் திருத்திக்கொண்டார், அணியும் தரமான ரிசீவரைக் கொண்டுவந்தது. இப்படித் தன் குறையைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் குணத்தையே நான் முதலில் தேடுவேன். மேனிங்கூட முதல் ஆண்டில் 28 இன்டர்செப்ஷன் எறிந்தவர்தான்.

நீண்ட காலம் நிலைக்க உடம்பும் மிஞ்ச வேண்டும். ஆண்ட்ரூ லக்கிடம் கண், கை, அறிவு எல்லாம் இருந்தன. சரியான பாதுகாப்பின்றி ஆண்டுக்கணக்கில் அடிவாங்கினார். 2019-ல் 29 வயதிலேயே ஓய்வை அறிவித்தார். பந்தை வெளியே வீசிவிடுவதும், ஓடும்போது மோதாமல் சறுக்கி உட்கார்ந்துவிடுவதும் பார்ப்பவர்களுக்குக் கோழைத்தனமாகத் தெரியலாம். அவைதான் பத்தாவது ஆண்டை வாங்கித் தருபவை.

அணியின் பொறுமை பற்றிச் சொல்ல அலெக்ஸ் ஸ்மித் போதும். 2005-ல் சான் பிரான்சிஸ்கோ அணி அவரை டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தது. தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளர் ஏறத்தாழ ஆண்டுக்கொருவராக மாறினார். ஒவ்வொரு முறையும் புதிய சொற்கள், புதிய கால் கணக்கு. சேர்த்த கொத்துகளெல்லாம் வீண். 2011-ல் தலைமைப் பயிற்சியாளராக ஜிம் ஹார்பா வந்த பிறகுதான் மூச்சுவிட்டார். அந்தப் பருவத்தில் அணி 13 ஆட்டங்களை வென்றது. பிறகு கன்சாஸ் சிட்டிக்குப் போனார். 2017-ல் அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே அந்த அணி 21 வயது இளைஞர் ஒருவரை டிராஃப்டில் எடுத்து, ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார வைத்தது. ஸ்மித் எப்படித் தயாராகிறார், பதிவுகளை எப்படிப் பார்க்கிறார் என்பதை அந்த ஒரு பருவம் முழுக்கப் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டதாக அந்த இளைஞரே பின்னால் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு அவர் தொடங்கி ஆடியது ஒரே ஒரு ஆட்டம், கடைசி வாரத்தில். அடுத்த ஆண்டு அந்த இளைஞர், பேட்ரிக் மஹோம்ஸ், 50 டச் டவுன் எறிந்தார்.