உண்டியல்: பெட்டியா, சீட்டா?

தமிழ்நாட்டில் உண்டியல் என்றால் கோயிலில் இருக்கும் காணிக்கைப் பெட்டி, இல்லாவிட்டால் பிள்ளைகள் சில்லறை சேர்க்கும் மண்கலயம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இதே சொல்லைச் சொன்னால் வேறு ஒன்று நினைவுக்கு வரும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகளோ வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் அனுப்பிய காசு அது. இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளைப் புரட்டினால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும். அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்க வெளியிடும் பத்திரத்துக்கு அங்கே 'திறைசேரி உண்டியல்' என்று பெயர். பெட்டி, திருட்டுத்தனமான பணம், அரசாங்கக் கடன் என மூன்றையும் ஒரு சொல் சுமக்கிறது. பின்னைய இரண்டுக்கும் தாய்ப்பொருள், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட மறந்துபோன ஒன்று: வணிகர்கள் பணத்தைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ஊர்விட்டு ஊர் அனுப்ப எழுதிக்கொண்ட சீட்டு.

வடக்கே அதன் பெயர் ஹுண்டி. சமஸ்கிருதத்தில் ஹுண்டிகா என்ற வடிவம் 12ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துக் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணியில் வருகிறது. அங்கே அது படைவீரர்களின் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் ஆணைச்சீட்டு. 'திரட்டு' என்று பொருள்படும் வடமொழி வினைவேரோடு இதை இணைப்பாரும் உண்டு. தமிழில் சொல்லின் முதலில் ஹகரம் நிற்காது. அனுமன் வந்ததுபோல உண்டி வந்தது. ஆனால் உண்டி என்ற இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்று புறநானூறு பாடிய உண்டி சோறு. கடைக்காரர் 'உண்டி அனுப்பினேன்' என்றால் கேட்பவர் சாப்பாட்டுக் கூடையை எதிர்பார்க்கக் கூடாதல்லவா? பழைய அகராதிகளில் உண்டி, உண்டிகை, உண்டியல் என்று மூன்று வடிவங்களும் கிடைக்கின்றன. கடைசியில் நிலைத்தது உண்டியல். காசை 'உண்பதால்' உண்டியல் என்று சொல்லும் விளக்கம் பெட்டிக்கு வேண்டுமானால் அழகாகப் பொருந்தும். சீட்டு எதையும் உண்பதில்லை.

சீட்டு எப்படி வேலை செய்தது என்பதற்கு முகலாயர் காலத்து ஆக்ரா நல்ல எடுத்துக்காட்டு. ஆக்ராவுக்குப் பக்கத்தில் பயானாவில் விளைந்த, நீலச்சாயம் தரும் அவுரிக்கு உலகமெங்கும் கிராக்கி. அதை வாங்கிச் சூரத் துறைமுகத்துக்கு அனுப்பும் வணிகருக்கு ஆக்ராவில் ரொக்கம் வேண்டும், ஆனால் அவர் பணம் கிடக்கும் இடம் சூரத். இடையில் வாரக்கணக்கான வண்டிப் பாதை, கொள்ளையர் வேறு. எனவே அவர் ஆக்ராவில் நாணயம் மாற்றும் ஒரு சராப்பிடம் போவார். 'இரண்டு மாதம் கழித்து இந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு ரூபாய் கொடுக்கவும்' என்று சூரத்தில் உள்ள தன் கூட்டாளிக்கு எழுதிய உண்டியலைக் கொடுப்பார். சராப்பு ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ரொக்கமாகத் தருவார். சரக்கு சூரத் போய் விற்பதற்கும் தவணை முடிவதற்கும் சரியாக இருக்கும். அனுப்புவதும் கடன் வாங்குவதும் ஒரே தாளில் முடிந்துவிட்டன.

சராப்பு பிடித்த அந்தப் பகுதியில்தான் சந்தை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பலமுறை இந்தியா வந்த பிரெஞ்சு நகை வணிகர் தவெர்னியே, சூரத்தில் பணம் தரும்படி எழுதிய உண்டியல்களுக்கு ஊர்வாரியாக இருந்த விகிதத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அகமதாபாத்திலிருந்து எழுதினால் நூற்றுக்கு 1 முதல் 1½. ஆக்ராவிலிருந்து 4¼ முதல் 5. லாகூரிலிருந்து 6¼ வரை. டாக்காவிலிருந்து 10, அதுவும் நேரே சூரத்துக்குக் கிடைக்காது. ஆக்ராவுக்கு ஒரு சீட்டு, அங்கிருந்து சூரத்துக்கு இன்னொன்று. தூரம் கூடக்கூட விகிதம் ஏறுகிறது. தவணைக்கான வட்டி மட்டுமல்ல, வழியில் சரக்கு கொள்ளை போனால் ஏற்படும் நட்டமும் அதற்குள் அடக்கம் என்று அவரே காரணம் சொல்கிறார். சராப்பு இல்லாத ஊர் என்றால் அது மிகச் சின்ன ஊராகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்தச் சராப்பு அரபு மொழியின் ஸர்ராஃப், அதாவது நாணயம் மாற்றுபவர். இலங்கைத் தமிழில் காசாளரைக் குறிக்கும் சிறாப்பர் என்ற சொல்லும் அதன் வழி வந்ததே.

கொள்ளை ஆபத்தை உண்டியலிலேயே எழுதிவிடும் வகையும் இருந்தது. அது ஜோக்கமி உண்டியல். ஜோக்கம் என்றால் ஆபத்து. கப்பலில் ஏற்றிய சரக்கின்மேல் இதை எழுதுவார்கள். சரக்கு கரை சேர்ந்தால் பணம் கொடுக்க வேண்டும், கப்பல் மூழ்கினால் உண்டியலும் மூழ்கியது. காசு கொடுத்து அதை வாங்கியவர் கடன் கொடுத்தவராகவும் காப்பீடு கொடுத்தவராகவும் ஆகிவிடுவார். 'பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்' எனப்படும் ஐரோப்பிய மாற்றுச்சீட்டும் காப்பீட்டு ஆவணமும் தனித்தனியே செய்யும் வேலையை இங்கே ஒன்றே செய்தது. ஹுண்டி என்பதை ஐரோப்பிய மாற்றுச்சீட்டின் நாட்டுப்புற நகல்போலப் பேசுகிறவர்கள் இந்த ஒரு வகையைப் பார்த்தால் போதும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்டதும் பணம் தர வேண்டியது தர்சனி, தவணை குறித்தது முத்ததி. பெயர் குறித்தவருக்கு மட்டும் தருவது நாம்ஜோக். சற்று நின்று பார்க்க வேண்டியது சாஹ்ஜோக். இதில் பணம் வாங்க வருகிறவர் அந்தக் கடைவீதியில் நாலுபேருக்குத் தெரிந்த 'சாஹ்', அதாவது மதிப்புள்ள வணிகர், ஆக இருக்க வேண்டும். திருடன் கையில் சீட்டு சிக்கினால் அவன் நேரே போய்க் காசு வாங்க முடியாது, ஒரு சாஹ் வழியாகத்தான் போக வேண்டும். பின்னால் வில்லங்கம் என்றால் அந்த சாஹைப் பிடித்துக்கொள்ளலாம். சென்னைச் சவுக்கார்பேட்டையின் சவுக்கார் இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்தான்.

எழுதும் முறையிலும் சூட்சுமம் உண்டு. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவதோடு விடமாட்டார்கள். 'ரூபாய் 1000, இதில் பாதி 500, அந்த 500இன் இரு மடங்கு முழுதும் தரவும்' என்று வரும். ஓர் எண்ணைத் திருத்தினால் மற்றவை காட்டிக்கொடுக்கும். சீட்டு தொலைந்தால் பேட் என்ற மறுநகல், அதுவும் தொலைந்தால் பர்பேட். பணம் தீர்த்துக் கிழித்து வைத்த உண்டியலுக்குக் கோக்கா என்று பெயர்.

குஜராத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஜுனாகட்டில் வாழ்ந்த பக்திக் கவி நரசிங் மேத்தாவிடம் துவாரகைக்குப் போகும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். ஊரார் கேலியாக 'பெரிய சேட் அவர்தான்' என்று கைகாட்டி விட்டிருக்கிறார்கள். யாத்திரிகர்கள் ரொக்கத்தைக் கொடுத்துத் துவாரகைக்கு உண்டியல் கேட்கிறார்கள். கையில் காலணா இல்லாத கவியும் அங்கே 'சாமள்சா சேட்' என்பவரின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அப்படி ஒரு சேட் கிடையாது. கண்ணனே சேட் வேடத்தில் வந்து பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். பக்தியை விட்டுவிட்டு வணிகக் கண்ணால் பார்த்தாலும் கதை சரியாக நிற்கிறது: சீட்டை எழுதுபவருக்குச் சொத்து இருக்கிறதா என்பதல்ல, அந்த ஊரில் அவர் பேரை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

அரசுகளும் இந்தச் சீட்டை நம்பின. முர்ஷிதாபாத் வங்கிக் குடும்பத்தின் ஃபதே சந்த் 1720களில் முகலாயப் பேரரசரிடம் 'ஜகத் சேட்' பட்டம் பெற்றார். வங்காளத்து வரிப்பணம் டெல்லி போக அந்தக் குடும்பத்தின் உண்டியல் போதுமாக இருந்தது.

தமிழர் பக்கம் இந்தத் தொழிலின் பெரிய ஆட்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று அவர்கள் கடை வைத்த இடங்களிலெல்லாம் உண்டியல் ஓடியது. 1929-30இல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. கடைகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்யும் 'நடப்பு வட்டி' தனியே ஒருவர் வைத்ததல்ல. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி, ஊரில் பணம் தாராளமா இறுக்கமா என்று பேசித் தீர்மானித்தார்கள். இன்று மத்திய வங்கிக் குழு ரெப்போ வட்டியைத் தீர்மானிப்பதற்கு முன்னரே முருகன் சந்நிதியில் ஒரு வட்டிக் குழு கூடிக்கொண்டிருந்தது. 'தவணை' என்ற நல்ல தமிழ்ச் சொல் குறித்த கால வைப்பைக் குறித்ததும் இந்தக் கடைகளில்தான். கொழும்பில் ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வணிகருக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. செட்டியார்களுக்குக் கொடுத்தன, அவர்கள் செட்டியார் தெருவிலிருந்து வணிகருக்குக் கொடுத்தார்கள். 1925இல் அங்கே ஏற்பட்ட நெருக்கடியில் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டதும் அந்தப் பாலம் ஆட்டம் கண்டது. 1934இல் இலங்கை வங்கி விசாரணை ஆணைக்குழுவும் 1939இல் இலங்கை வங்கியும் வந்தன.

சட்டம் இந்தச் சீட்டை நடத்திய விதமும் வேடிக்கை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் முதல் பிரிவிலேயே, கீழைமொழியில் எழுதிய ஆவணங்களுக்கு உரிய உள்ளூர் வழக்கங்களைத் தான் தொடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. தமிழிலோ குஜராத்தியிலோ எழுதிய உண்டியலுக்குக் கடைவீதி வழக்கமே சட்டம். பின்னாளில் அந்த மரியாதைக்குச் சோதனை வந்தது. கணக்கில் வராத பணத்தை 'உண்டியல் கடன்' என்று காட்டும் தந்திரம் பெருகியபின், 1977 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 69-டி பிரிவு நடைமுறைக்கு வந்தது. வங்கிக் கணக்கில் மட்டுமே வரவு வைக்கக்கூடிய காசோலை வழியாக அல்லாமல் உண்டியலில் வாங்கிய, திருப்பிய தொகை வருமானமாகவே கருதப்படும் என்றது அது.

கெட்ட பெயர் முழுதாக ஒட்டியது ஹவாலாவுடன் சேர்த்துப் பேசியதால். இரண்டும் ஒன்றல்ல. ஹவாலா அரபுச் சொல், கடனை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடுவது. அதற்குச் சீட்டு வேண்டியதில்லை. டொரொன்டோவில் ஒருவர் டாலரை வாங்கிக்கொண்டு தொலைபேசியில் சொன்னால், சாவகச்சேரியில் இன்னொருவர் ரூபாயை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். இருவரும் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். இலங்கையில் இன்று உண்டியல் என்று சொல்லப்படுவது உண்மையில் இந்த ஹவாலாதான். சீட்டு போய்விட்டது, சீட்டின் பெயர் நிற்கிறது. 2021இல் அரசு டாலரைச் சுமார் 200 ரூபாயில் பிடித்து வைத்தபோது உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கி வழியே அனுப்பிய பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர், 2021இல் சுமார் 550 கோடி. 'உண்டியலில் அனுப்பாதீர்கள்' என்று மத்திய வங்கி கெஞ்சியது. அதே வங்கி வாரந்தோறும் ஏலம் விட்டதும் உண்டியல்தான், திறைசேரி உண்டியல்.

இனி, எதற்கு எந்தச் சொல்? ஐரோப்பிய முறையில் எழுதும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மாற்றுச்சீட்டு' என்கின்றன. இலங்கைச் சட்டத் தமிழில் 'மாற்றுண்டியல்'. இரண்டும் நல்ல சொற்கள், எனக்கு இலங்கை வடிவம் கூடுதலாகப் பிடிக்கும். மாற்றுச்சீட்டு என்றால் பள்ளி மாற்றுச்சான்றிதழ் மாதிரி ஒலிக்கிறது, மாற்றுண்டியலில் தொழிலின் வரலாறு கேட்கிறது. அரசுக் குறுங்காலப் பத்திரத்தைத் தமிழ்நாட்டில் கருவூல உண்டியல் என்றும் கருவூலப் பத்திரம் என்றும் எழுதுகிறார்கள். முன்னதே துல்லியம், ஏனெனில் நீண்டகாலக் கடன்களும் பத்திரங்களே. ஹுண்டியை மட்டும் 'நாட்டு மாற்றுச்சீட்டு' என்று மொழிபெயர்க்க வேண்டாம். உண்டியல் என்றே எழுதலாம், கோயில் பெட்டியோடு குழம்பும் இடத்தில் 'வணிக உண்டியல்' எனலாம். சீட்டில்லாத பணமாற்றைச் செய்தியாளர்கள் ஹவாலா என்றே எழுதினால் சீட்டின் பெயர் பிழைத்துக்கொள்ளும்.

சராப்பு பிடித்துக்கொள்ளும் அந்தப் பகுதிக்கும் ஒரு பழைய தமிழ்ச் சொல் இருக்கிறது: வட்டம். நாணயம் மாற்றும்போது கழியும் காசுக்கு 'வட்டம்' என்பதே கடைவீதி வழக்கு. இப்போதைய வணிகவியல் எழுத்தில் அதைத் 'தள்ளுபடி' ஆக்கிவிட்டார்கள். ஒரு விவசாயியிடம் 'வங்கி உங்கள் உண்டியலைத் தள்ளுபடி செய்தது' என்று சொல்லிப் பாருங்கள், கடனே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். 'வட்டம் பிடித்துக்கொண்டு பணம் கொடுத்தது' என்றால் போதும்.