தேய்வு நேரம்

பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, டிகே டைம்னு சொல்றோமே, அதுக்குத் தமிழ்ல என்ன?" ஒரு சமிக்ஞை, அதாவது சிக்னல், வலுக் குறைந்து அடங்க எடுக்கும் நேரத்தைத்தான் டிகே டைம் (decay time) என்கிறார்கள். பேச்சுவாக்கில் 'சிதைவு நேரம்' என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

டிகே என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'கீழே விழுதல்' என்பதே அதன் வேர்ப்பொருள். கதிரியக்கத்தில் இதை நாம் பள்ளியில் மலாயில் 'ரெப்புத்தான்' என்று படித்தோம். மக்கிப்போன மரத்துக்குச் சொல்லும் 'ரெப்புட்'தான் அதன் அடி. அங்கே ஓர் அணுக்கரு வேறொன்றாகவே மாறிவிடுகிறது. அதற்குச் 'சிதைவு' சரி.

சமிக்ஞையில் எதுவும் சிதைவதில்லை. பினாங்கு குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலில் மணியை அடித்துவிட்டுக் கயிற்றை விட்ட பிறகு கேட்டுப் பாருங்கள். அதே நாதம்தான், வலு மட்டும் சிறுகச் சிறுகக் குறையும். நிலா குறைவதைத் தேய்பிறை என்கிறோமே, அந்தத் 'தேய்வு' இங்கே அப்படியே பொருந்துகிறது. 'தேய்மானம்' வேண்டாம், அது இயந்திரத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உரியது. மழைக்காலம், கோடைக்காலம் என்று நீளும் 'காலம்' என்பதைவிட 'நேரம்' எனக்குப் பிடிக்கிறது.

சரி, எவ்வளவு தேய்ந்தால் அந்த நேரம் முடிகிறது? குழப்பமெல்லாம் இங்கேதான். 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் (கெபாசிட்டர்) சேர்ந்த மின்னூட்டத்தை வடியவிட்டால், மின்னழுத்தம் 0.1 வினாடியில் 36.8 சதவீதத்துக்கு இறங்கும். அடுத்த 0.1 வினாடியில், மிச்சமிருப்பதிலும் 36.8 சதவீதம்தான் மிஞ்சும். கணக்குப்படி முழுப் பூஜ்யம் வருவதே இல்லை. பாதியாவதற்கு 0.069 வினாடி, 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க 0.22 வினாடி. சுற்று ஒன்றுதான், எண் மூன்று. அரங்கின் எதிரொலியை அளப்பவர்களோ ஒலியளவு 60 டெசிபெல் குறையும் வரை காத்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இது பெரிய விஷயம். கதிர்வீச்சுத் துகள் பட்டதும் ஒளிரும் சோடியம் அயோடைடு படிகத்தின் தேய்வு நேரம் சுமார் 230 நானோ வினாடி. பிளாஸ்டிக் ஒளிர்பொருளில் சில நானோ வினாடிகளே. முதல் ஒளி தேய்வதற்குள் அடுத்த துகள் வந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தனித்தனியாக எண்ண முடியாது.

அப்புறம் அக்கா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "தேய்வு நேரம்னு எழுதுப்பா. எத்தனை சதவீதம் வரைங்கிறதையும் பக்கத்திலேயே போடு."