உத்தரவு போடாமலே ஊரடங்கு

1988 செப்டம்பரில் ஜப்பான் டிவியில் நிஸ்ஸான் செஃபிரோ கார் விளம்பரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாடகர் இனோவே யோசுய் கார் சன்னல் வழியாக, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். திடீரென்று அந்தக் குரலை மட்டும் எடுத்துவிட்டார்கள். வாய் அசையும், சத்தம் வராது. செப்டம்பர் 19 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ ரத்த வாந்தி எடுத்திருந்தார். அந்த நேரத்தில் ஊரைப் பார்த்து சௌக்கியமா என்று கேட்பது முறையில்லையாம்.

தடைச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் திருவிழாக்கள் ரத்தாயின, கல்யாண வரவேற்புகள் தள்ளிப்போயின. அடுத்த ஜனவரி 7 அன்று அவர் இறக்கும்வரை, 111 நாள் இப்படி.

இதற்கு அங்கே 'ஜிஷுகு' என்று பெயர். தானாக அடங்கியிருப்பது. 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவுக்காக அவசரநிலை அறிவித்தபோதும் இதைத்தான் நம்பினார்கள். ஆட்களைச் சந்திப்பதை 70, முடிந்தால் 80 சதவீதம் குறைக்கச் சொன்னார் பிரதமர் அபே. வெளியே வந்தால் அபராதமோ சிறையோ இல்லை. 'ஜிஷுகு யோசெய்' என்றார்கள், அதாவது தானாக அடங்கும்படி வேண்டுகோள். அடுத்தவர் கேட்டுச் செய்வது எப்படித் தானாகச் செய்வதாகும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

எட்டு மணிக்கு மூடு என்பது உத்தரவு. ஏழே முக்கால் வரை நிம்மதியாக வியாபாரம் பார்க்கலாம். வேண்டுகோளுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. எவ்வளவு அடங்கினால் போதும் என்று தெரியாத கடைக்காரர் பக்கத்துக் கடையைப் பார்க்கிறார். அவர் இவரைப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் மனசுக்குள் 'இது கொஞ்சம் அதிகம்' என்றுதான் இருக்கும். வெளியே தெரிவதென்னவோ இறக்கிய ஷட்டர் மட்டும். தனித்தனியாகக் கேட்டால் பலரிடம் இல்லாத கருத்து, ஊரின் கருத்தாகத் தெரிய ஆரம்பிக்கிறது. 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று பயப்படுகிறோமே, அந்த நாலு பேரும் நம்மைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் காவல் வேலையையும் ஊரே எடுத்துக்கொண்டது. திறந்திருந்த கடைகளின் கதவில் யாரோ 'கடையை மூடு' என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். இவர்களுக்கு 'ஜிஷுகு போலீஸ்' என்று பட்டப்பெயர். வெளி மாகாண நம்பர் பிளேட் உள்ள கார்களுக்கும் தொல்லை. அதனால் சிலர் 'நான் இந்த மாகாணத்தில்தான் குடியிருக்கிறேன்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

சம்பளமில்லாத போலீஸ் என்பதால் அரசுக்குச் செலவு இல்லை. நஷ்ட ஈடு கேட்கவும் பிடி கிடைக்காது, 'நீங்களாகத்தானே மூடினீர்கள்?' உதவித்தொகை கொடுத்தார்கள், அது வேறு கணக்கு.

2021 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தி, உத்தரவை மீறும் கடைகளுக்கு 3 லட்சம் யென் வரை அபராதம் கொண்டுவந்தார்கள். மார்ச்சில், எட்டு மணிக்கு மூடச் சொல்லி டோக்கியோ நிர்வாகம் உத்தரவு போட்டது. உடனே ஓர் உணவக நிறுவனம் வழக்குப் போட்டது. கேட்ட நஷ்ட ஈடு 104 யென்: 26 கடை, 4 நாள், நாளுக்கு ஒரு யென். 2022 மே மாதம் தீர்ப்பு வந்தது. 104 யென் கிடைக்கவில்லை. ஆனால் அந்த உத்தரவு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.