கொட்டாங்குச்சி கரியில சார்ஜ் எப்படி நிக்குது?

சூப்பர்கெபாசிட்டர்னு சார்ஜ சேத்து வைக்கற ஒரு சாமான், செகண்ட் கணக்குல சார்ஜ் ஏறும், லட்சக்கணக்கான தடவை ஏத்தி இறக்குனாலும் பெருசா தேயாது. உள்ள இருக்கறது பெரும்பாலும் கரிதாங்க, அதுலயும் நிறைய கொட்டாங்குச்சி கரி.

தேயாததுக்கு காரணம், அங்க கெமிக்கல் ரியாக்‌ஷன் கிட்டத்தட்ட நடக்கறதே இல்ல. வோல்டேஜ் குடுத்தா எலக்ட்ரோலைட்ல, அதாவது உள்ள இருக்கற கரைசல்ல, சார்ஜோட திரியற அயனிங்க எதிர் சார்ஜ் உள்ள கரி மேல வந்து ஒட்டிக்கும், டிஸ்சார்ஜ் ஆனா விலகிடும், அவ்ளோதான். அதனால பரப்பு எவ்ளோவோ சார்ஜும் அவ்ளோ, நல்ல கரி முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்கறதால ஒரு கிராமுக்கே 1000லேர்ந்து 3000 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கும்.

அவ்ளோ ஓட்டை எப்படி போடறது? காத்துல எரிச்சா சாம்பல்தான் மிஞ்சும், அதனால நைட்ரஜன் ஓட்டிக்கிட்டே 400லேர்ந்து 600 டிகிரி வரை சுடுவாங்க. கொட்டாங்குச்சி மாதிரி செடிப்பொருள்ல இருக்கற ஹெமிசெல்லுலோஸும் செல்லுலோஸும் பெரும்பாலும் புகையாவும் தாராவும் போயிடும், கட்டைக்கு கெட்டித்தன்மை குடுக்கற லிக்னின்தான் அதிகமா கரியா நிக்கும், கொட்டாங்குச்சியில அது ஜாஸ்தி.

அடுத்து ஆக்டிவேஷன், அதாவது அந்தக் கரியில ஓட்டை போடற வேலை, சுவாரசியமே இங்கதான். கரியோட பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கற கடுமையான காரத்த (ஆசிடுக்கு எதிர் ரகம்) எடையில ரெண்டு மூணு மடங்கு கலந்து 700, 800 டிகிரிக்கு ஏத்துவாங்க, அது கார்பன அரிச்சு கார்பனேட்டா மாறும், ஹைட்ரஜன் வெளிய வரும், கூடவே பொட்டாசியம் உலோகமும் உருவாகி ஆவியா கார்பன் அடுக்குங்களுக்கு நடுவுல புகுந்து விரிச்சு விட்டுடும். பீங்கான் பாத்திரத்த அரிச்சிடும்னு நிக்கல் பாத்திரத்துல வைப்பாங்க. ஆறினதும் அவசரப்பட்டு தண்ணி ஊத்தக்கூடாது, பொட்டாசியம் மிச்சம் இருந்தா தீப்பிடிக்கும். அப்புறம் ஆசிட் போட்டு, வடியற தண்ணி ஆசிடும் இல்லாம காரமும் இல்லாம பிஹெச் 7க்கு வர்ற வரைக்கும் அலசிக்கிட்டே இருக்கணும், இதான் பொறுமைய சோதிக்கற வேலை. இவ்ளோ காரம், இவ்ளோ கழிவுத்தண்ணி எல்லாம் ஃபேக்டரிக்கு செலவு, அதனால மார்க்கெட் கரி பெரும்பாலும் நீராவியில ஆக்டிவேட் பண்ணது.

நெல் உமி வேற ரகம், அதுல கணிசமா சிலிக்கா இருக்கு, காரத்துல கரைச்சு எடுத்துட்டா அது இருந்த இடமே ஓட்டை.

ஆனா ஓட்டை இருந்தா போதாது, சைஸும் சரியா இருக்கணும். 1 நானோமீட்டருக்கும் சின்ன ஓட்டைக்குள்ள அயனி போகாது, ஏன்னா அத சுத்தி கரைப்பான் மூலக்கூறுங்க ஒட்டியிருக்கும்னுதான் ரொம்ப நாள் நெனச்சாங்க. 2006ல கோகோட்சி, சிமோன்ங்கற விஞ்ஞானிங்களோட குழுவினர் பாத்தப்ப, அந்த சின்ன ஓட்டையில கெபாசிட்டன்ஸ், அதாவது ஒரு வோல்ட்டுக்கு சேர்ற சார்ஜ், குறையறதுக்கு பதிலா கூடிடுச்சு, அயனி அந்த கரைப்பான் போர்வைய ஓரளவு கழட்டிட்டு உள்ள போகுதுன்னு விளக்கம் சொன்னாங்க. அதுக்காக எல்லாமே குட்டி ஓட்டையா இருந்தா அயனி உள்ள போகவே நேரமாகும், வேகம் போச்சு, அதனால வழிவிட 2லேர்ந்து 50 நானோமீட்டர் துளைகளும் வேணும்.

பேட்டரிக்கு மாத்தா இது? இல்லங்க. லித்தியம் அயான் கிலோவுக்கு 150, 200 வாட்-மணி தாங்கும், இது வழக்கமா 10க்குள்ளதான். எனர்ஜி வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும், ஆனா தண்ணி எலக்ட்ரோலைட் 1.23 வோல்ட் தாண்டினாலே உடைய ஆரம்பிக்கும், தண்ணிக்கு பதிலா ஆர்கானிக் கரைப்பான் போட்டா 2.7 கிட்ட போகலாம்.

வாழைத்தோல்ல கரி, காபித்தூள் சக்கையில கரின்னு தினம் ஒரு செய்தி வருது, எந்தக் குப்பைங்கறது எனக்கு முக்கியமா படல. கிராமுக்கு இவ்ளோ ஃபாரட்னு (கெபாசிட்டன்ஸோட அளவு) போட்டா, கரி தடவுன தகடு, அதாவது எலக்ட்ரோட், எவ்ளோ தடிமன், ஒரு கன சென்டிமீட்டருக்கு எவ்ளோன்னு கேளுங்க, ஓட்டை கூடக்கூட கரி லேசாயிடும், அதே இடத்துல கம்மி கரிதான் அடங்கும், மெல்லிசா தடவி எடுத்த நம்பர் தடிமனா தடவுனா நிக்காது.