'ஸ்லம்பர்' சொல்லுக்குள் நுழைந்த 'ப்'

மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட 'அப்பா' என்றுதான் காதில் விழும். சளி பிடித்த குழந்தை நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் நானே பலமுறை எழுந்து போயிருக்கிறேன். ஆங்கிலத்தில் லேசான தூக்கத்துக்கு 'ஸ்லம்பர்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் கதையும் இந்த மூக்கில்தான் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ஸ்லூமா' என்றால் லேசான தூக்கம். பிறகு 'ஸ்லூமென்', அதாவது கண்ணயர்வது, வந்தது. 13ஆம் நூற்றாண்டில் அதன் வாலில் ஓர் 'எர்' ஒட்டி 'ஸ்லூமெரென்' ஆனது. ஒரு செயல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் ஒட்டு அது. ஒளிர்வது 'க்ளீம்', அதன் உறவான 'க்ளிம்மர்' விட்டுவிட்டு மினுங்குவது. மிதப்பது 'ஃப்ளோட்', அதன் வழிவந்த 'ஃப்ளட்டர்' படபடப்பது. ஆக, விட்டுவிட்டுத் தூங்குவதுதான் 'ஸ்லூமெரென்'. மத்தியான பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தலை மெல்ல நம் தோள் பக்கம் சாயும். வேகத்தடையில் பஸ் குலுங்கியதும் நிமிரும். அடுத்த ஸ்டாப்புக்குள் மறுபடி சாயும். நாம் 'தூங்கி வழிவது' என்கிறோமே, அதேதான்.

இதுவரை சொல்லில் 'ப்' இல்லை. ஜெர்மனியர் இன்றும் 'ஷ்லுமர்ன்' என்றுதான் சொல்கிறார்கள். டச்சுச் சொல்லிலும் அது கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் 14ஆம் நூற்றாண்டில் 'ப்' வந்து உட்கார்ந்துகொண்டது.

'ம்' சொல்லும்போது இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. உதடுகள் மூடுகின்றன, மேலண்ணத்தின் பின்கோடியில் உள்ள மெத்தென்ற சதை கீழே இறங்கி மூக்குக்கு வழிவிடுகிறது. 'இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்' என்று இரண்டுக்கும் ஒரே பிறப்பிடம் சொன்ன தொல்காப்பியம், மெல்லெழுத்துக்கு மூக்கின் வளியும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டது. மூக்கு வழியை மட்டும் அடைத்தால் மிச்சம் இருப்பது 'கம்பு' என்பதில் வரும் 'ப்'.

'ஸ்லூமெரென்' வேகமான பேச்சில் தேயத் தேய, நடுவிலிருந்த எகரம் மெலிந்து 'ம்'மும் 'ர்'ரும் நேருக்கு நேர் முட்டின. 'ர்' சொல்ல உதடு திறக்க வேண்டும், மூக்கு வழி மூட வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் சிக்கலில்லை. உதடு திறப்பதற்கு இமைப்பொழுது முன்பே மூக்கு வழி மூடிவிட்டால்? உதடும் மூடி, மூக்கும் மூடி, குரல் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும். அதுதான் 'ப்'. யாரும் திட்டமிட்டுச் சேர்த்ததல்ல. வாய்க்குள் நடந்த நேரப்பிசகு, எழுத்திலும் ஏறிவிட்டது.

இதே விபத்தில் பிறந்த சொற்களை நாமே தினமும் சொல்கிறோம். போன் 'நம்பர்' லத்தீனில் 'நூமெருஸ்'. 'சேம்பர்' அங்கே 'காமெரா', அதாவது அறை. இவற்றில் 'ப்' சேர்ந்தது பிரெஞ்சுக்காரர்கள் வாயில். 'ந்'னும் 'ர்'ரும் முட்டினால் நடுவில் 'ட்' முளைக்கும்: இடியைக் குறிக்கும் 'தண்டர்' முன்பு வெறும் 'துனோர்'தான்.

1611இல் வந்த ஆங்கில பைபிளில் 121ஆம் சங்கீதம் ஸ்லம்பரையும் ஸ்லீப்பையும் தனித்தனியாகச் சொல்கிறது. தமிழ் பைபிளிலும் 'உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை' என்று இரண்டு வினைகள். பிற்பாடு ஆங்கிலக் கவிதைகளில் ஸ்லம்பர் ஆழ்ந்த, சுகமான தூக்கத்தையும் குறித்தது. மெத்தை விற்பவர்களுக்கு வசதி. எனக்கென்னவோ பழைய பொருள்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஆய்வுக்கூடம் அதற்குத்தான் சாட்சி சொல்கிறது.

மனித மூளையின் மின்னலைப் பதிவுகளை ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் விஞ்ஞானி ஆல்ஃபிரட் லூமிஸ் குழுவினர் அந்த அலைகளை வைத்தே தூக்கத்தைப் படிப்படியாகப் பிரித்தார்கள். இன்றைய கணக்கில் முதல் படி சில நிமிடங்களே. கண்மூடி ஓய்ந்திருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை கலைந்து, 4 முதல் 7 வரையிலான தீட்டா அலை தலைகாட்டும். கண்விழிகள் மெதுவாகப் பக்கவாட்டில் உருளும். கழுத்துத் தசை தளரும், தலை சரியும். சிலருக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போடும். சின்னச் சத்தம் போதும், ஆல்ஃபா திரும்பிவிடும். சற்று நேரத்தில் மறுபடி தீட்டா. அந்த 'எர்' ஒட்டு சொன்னதும் இதைத்தான்.

இந்தப் படியில் தட்டி எழுப்பினால் பலர் தூங்கியதை ஒப்புக்கொள்வதே இல்லை. ஈசிசேரில் பேப்பர் நெஞ்சில் விழக் கிடந்த தாத்தாவை எழுப்பினால், "தூங்கலையே, சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்" என்பார். அலைக்கோடு தீட்டாவுக்கு இறங்கியிருக்கும். ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை.