ஓடும்போது நழுவாத முக்காடு

வீட்டிலிருந்து கடைத்தெரு வரை நடக்கும்போது ஒழுங்காக இருக்கும் முக்காடு, அதாவது ஹிஜாப், அதே பெண் நூறு மீட்டர் ஓடினால் ஏன் பிடரியில் வந்து விழுகிறது? வழக்கமாக ஊக்கின் மேல்தான் பழி விழும். இன்னும் இறுக்கிக் கட்டு, இன்னொரு ஊக்கு குத்து என்பதுதான் எல்லார் வீட்டிலும் கிடைக்கும் யோசனை. அப்படிக் கட்டினால் அரை மணி நேரத்தில் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். துணியும் கடைசியில் நழுவத்தான் செய்யும். ஒரு துணி தலையில் நிற்பதற்கு இறுக்கம் ஓரளவுதான் காரணம். மிச்ச வேலையைச் செய்பவை உராய்வும் மண்டையோட்டின் வடிவமும்.

முதலில் உராய்வு. முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றை வெறுங்கையால் இழுத்து நிறுத்துவது கஷ்டம். அதே கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இதற்கான சமன்பாட்டை 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி கூடிக்கொண்டே போகும் என்பதைவிட, பெருகிக்கொண்டே போகும் என்பதே சரி. இரண்டு பரப்புகள் வழுக்காமல் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் பிடி சுமார் 6.6 மடங்கு. இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்றாவது சுற்றில் 280-ஐத் தாண்டிவிடும். வயலில் வேலை செய்பவர் கட்டும் முண்டாசும் சீக்கியர்களின் தலைப்பாகையும் ஊக்கே இல்லாமல் நாள் முழுக்க நிற்பது இப்படித்தான். சொரசொரப்பான பருத்தி, அதுவும் பல சுற்று.

முக்காட்டில் இந்தக் கணக்கு வேலை செய்யாது. துணி உச்சந்தலைக்கு மேலாகப் போய்த் தாடைக்கடியில் ஒரு முறை திரும்புகிறது, அவ்வளவுதான். ஒரு சுற்று கூட முழுதாக இல்லை. துணியும் ஜார்ஜெட், ஷிஃபான் மாதிரி வழுவழுப்பாக இருந்தால் உராய்வு எண்ணே குறைந்துவிடும். அதற்கடியில் தலைமுடி. அந்த முடியில் தேங்காய் எண்ணெயும் இருந்தால் கேட்கவே வேண்டாம், இயந்திரத்துக்கு மசகு போட்ட கதைதான். பெண்கள் உள்ளே பருத்தித் தொப்பி ஒன்றைப் போட்டு அதன்மேல் ஷால் சுற்றுவது அழகுக்காக மட்டும் அல்ல. முடிக்கும் துணிக்கும் நடுவே சொரசொரப்பான ஒரு தளத்தை அது உண்டாக்குகிறது. சாட்டின் உள்தொப்பி முடிக்கு நல்லது என்று விற்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஓடப் போகிறவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

அப்புறம், ஓடும்போது தலை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் சில சென்டிமீட்டர் மேலே போய்க் கீழே வருகிறது. நிமிடத்துக்கு 170 அடி என்றால் அரை மணி நேரத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு முறையும் கால் தரையில் பட்டதும் தலை நின்றுவிடும். தொங்கும் துணியோ தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போகும். போகும்போது மேலே இருப்பதையும் ஒரு சுண்டு சுண்டும். ஒரு தடவைக்கு நகர்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்காக இருந்தாலும் ஐயாயிரம் தடவைக்குப் பிறகு நெற்றி முடி வெளியே தெரியும். அதனால் விளையாட்டுக்கென்று தைக்கும் ஹிஜாபில் முதலில் வெட்டி எறிவது இந்தத் தொங்கலைத்தான்.

மண்டையின் வடிவத்துக்கு வருவோம். ஒரு கையால் உங்கள் தலையின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உச்சியிலிருந்து கீழே வரும்போது பின்மண்டை வெளியே புடைத்து, பிறகு பிடரியில் உள்ளே வளைகிறது. அந்த உள்வளைவுதான் முக்கியம். நெற்றியில் தொடங்கிக் காதுக்கு மேலாகத் தலையைக் கிடைமட்டமாகச் சுற்றும் பட்டை, தலையின் மிக அகலமான இடத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போகத் தலை குறுகுகிறது. ஆகவே பட்டையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு வேகமாக அது மேல்நோக்கி வழுக்கப் பார்க்கும். அதே பட்டையைச் சாய்வாக, நெற்றியிலிருந்து பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே பிடரி வரை இறக்கிவிட்டால், கழன்று வர வேண்டுமானால் அது புடைப்பைத் தாண்டி வர வேண்டும். தாண்டுவதற்கு நீள வேண்டும். அந்த நீட்சியைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் மீள்விசை இருந்தால் போதும். நெற்றியைப் பிழிய வேண்டியதில்லை. நல்ல விளையாட்டு ஹிஜாபைத் திருப்பிப் பார்த்தால் பிடரிப் பக்கம் ஒரு மடிப்புத் தையலோ எலாஸ்டிக்கோ இருக்கும். அது இல்லாமல் வெறும் குழாய் மாதிரி தைத்ததை வாங்குவது வீண்.

கொண்டை போடும் இடமும் இதோடு சேர்ந்ததுதான். உச்சியில் போட்ட கொண்டை துணியைக் கூடாரம் மாதிரி தூக்கி, ஒவ்வொரு அடிக்கும் ஆட்டும். பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே தாழ்வாகப் போட்ட தளர்வான கொண்டை துணிக்கு இன்னொரு பிடிமானம். தளர்வாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நெற்றியோர முடியைத் தினமும் இழுத்து இறுக்கிக் கட்டினால், அந்த இழுப்பினாலேயே முன்வரிசை முடி கொட்டத் தொடங்கும். துணியின் மேல் பழி வரும். பெரும்பாலும் குற்றவாளி ரப்பர் பேண்ட்.

சரி, தலைவலி ஏன்? வளைந்த பரப்பின்மேல் இழுத்துக் கட்டிய துணி தரும் அழுத்தம், இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். இது லாப்லாஸ் விதி. ஆரம் பாதியானால் அழுத்தம் இரு மடங்கு. தலையோ சீரான உருண்டை அல்ல. நெற்றியின் இரு ஓரங்களிலும் வளைவு கூர்மை, அங்கே துணி கடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதி ஏறக்குறையத் தட்டை, அங்கே அதே துணி தொளதொளவென்று இடைவெளி விடும். நெற்றியில் சிவப்புக் கோடு, பொட்டருகே முடி எட்டிப் பார்ப்பது என்று இரண்டும் ஒரே ஹிஜாபில் ஒன்றாக நடப்பது இதனால்தான். இன்னும் சின்ன அளவு வாங்கினால் கோடுதான் ஆழமாகும், இடைவெளி அப்படியே இருக்கும். காதின் மேல்விளிம்பு எல்லாவற்றையும்விடச் சிறிய ஆரம். குருத்தெலும்பு வலிப்பதில் வியப்பில்லை. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் வெளி அழுத்தத் தலைவலிக்குத் தனி இடமே இருக்கிறது: ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி போன்றவற்றை மாட்டிய ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும், கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். உங்கள் வலி இந்தக் கணக்குக்குப் பொருந்தினால் மாற்ற வேண்டியது ஹிஜாபை.

பட்டையை அகலமாக்கி, அதே இழுவையைப் பரப்பிவிடுவதுதான் தீர்வு. இதைச் சாத்தியமாக்கியது எலாஸ்டேன். ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்றெல்லாம் அழைக்கப்படும் இந்த இழையை 1958-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். அதன் மூலக்கூறில் சுருண்டு கிடக்கும் மென்மையான பகுதிகளும், அவற்றை ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் கடினமான பகுதிகளும் மாறி மாறி வரும். இழுத்தால் சுருள் பிரியும். விட்டால் பூட்டு அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு மீளக்கூடிய இழை அது. துணியில் கொஞ்சம் கலந்தாலே போதும், தலை அசைவுக்குத் தகுந்தபடி நீண்டு சுருங்கும்.

இனி வியர்வை. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு, நம்ப வேண்டாம். பெரியவர்களின் தோல் பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேல் போகாது. ஆனால் நெற்றியில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கம், முகத்தில் வெப்ப உணர்வும் அதிகம். அதனால் தலை சூடானால் உடம்பே கொதிப்பது போலத் தோன்றும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்தால் எதுவும் போகாது.

பருத்தி தண்ணீரை இழைக்குள்ளேயே வாங்கி ஊறிக்கொள்ளும். ஊறிய பருத்தி கனக்கும், ஒட்டும், காய நேரம் எடுக்கும். பாலியெஸ்டர் இழை தன்னுள் அரை சதவீத ஈரம் கூட வைத்துக்கொள்ளாது. அப்படியானால் அது எப்படி வியர்வையை இழுக்கிறது? இழை இழுப்பதில்லை, இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் இழுக்கின்றன. சந்து குறுக, நுண்துளை ஈர்ப்பு கூடும். தோலோடு ஒட்டும் உள்பக்கத்தில் அகலமான சந்துகளும் வெளிப்பக்கத்தில் மெல்லிய சந்துகளும் வருமாறு பின்னினால் வியர்வை தானாக வெளியே நகர்ந்து, பரவி, விரைவில் காயும்.

இங்கே விளம்பரத்தைக் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டும். வியர்வை துணியின் வெளிப்பக்கத்தில் ஆவியாகும்போது, அது எடுக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு துணியிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் போகிறது. முழுதும் தோலிலிருந்து போவதில்லை. ஆகவே இந்தத் துணி குளிரூட்டுகிறது என்பது மிகை. ஒட்டாமல், கனக்காமல், உரசாமல் இருக்கிறது என்பதே அதன் உண்மையான நன்மை. ஈரத் தோலின் உராய்வு உலர்ந்த தோலைவிட அதிகம். தாடைக்கடியில் தோல் உரிவது அதனால்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கத்திரி நாட்களில் எந்தத் துணியாலும் பெரிதாக ஆவியாக்க முடியாது. அங்கே விடிகாலையில் ஓடுவதுதான் தொழில்நுட்பம்.

நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. சினாய் பாலைவனத்து பெதுயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை 1980-இல் நேச்சர் இதழில் வந்தது. கறுப்பு அதிக வெயிலை உறிஞ்சினாலும், தோலை எட்டும் வெப்பம் வெள்ளை அங்கிக்குச் சமமாகவே இருந்தது. காரணம், தொளதொள அங்கிக்குள் ஓடும் காற்று கூடுதல் வெப்பத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தலையோடு ஒட்டிய ஹிஜாபில் அந்தக் காற்று வழி இல்லை. வெயிலில் விளையாடுபவருக்கு வெளிர் நிறமே மேல்.

கழுத்துதான் எல்லாவற்றிலும் சிக்கலான இடம், சண்டைகளும் அங்கேதான் நடந்தன. 2011 ஜூனில் அம்மானில் ஜோர்டானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டத்தில், கழுத்தை மூடும் தலையணியோடு வந்த ஈரான் பெண்கள் கால்பந்து அணி ஆட அனுமதிக்கப்படவில்லை. துணி இழுபட்டால் கழுத்து நெரியும் என்பது ஃபிஃபா சொன்ன காரணம். பொறியியலில் இதற்கு விடை அதற்கும் முன்பே இருந்தது. நெதர்லாந்தில் உடற்பயிற்சி வகுப்பில் முக்காட்டைக் கழற்றச் சொன்னதால் முஸ்லிம் மாணவிகள் சிரமப்பட்டதைப் பார்த்து, சிண்டி வான் டென் பிரெமன் என்ற வடிவமைப்பாளர் 1999-இல் தன் பட்டப்படிப்புத் திட்டமாகவே விளையாட்டு ஹிஜாபுகளை வடிவமைத்தார். பின்னால் அவை கேப்ஸ்டர்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. முடிச்சுக்கும் ஊக்குக்கும் பதில் வெல்க்ரோ போட்டால், யாராவது பிடித்து இழுத்தால் கழுத்தை இறுக்குவதற்கு முன் துணி பிரிந்துவிடும்.

2014 மார்ச்சில் கால்பந்து விதிகள் தலையணியை முறைப்படி ஏற்றன. இப்போதுள்ள விதி ஓர் இயற்பியல் குறிப்பு மாதிரியே இருக்கிறது: சட்டையோடு இணைந்திருக்கக் கூடாது, கழுத்தருகே ஆபத்தான பூட்டு இருக்கக் கூடாது, எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தலையைத் திருப்பும்போது தாடைக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். சட்டையோடு தைத்துவிட்டால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் துணி இழுபடும். சட்டைக்குள் செருகிய, பின்பக்கம் நீளமான ஓரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு கூடவே வரும். 2023 ஜூலை 30 அன்று அடிலெய்டில் தென்கொரியாவுக்கு எதிராக மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு இறங்கினார்; பெண்கள் உலகக் கோப்பையில் அதுவே முதல் முறை. மொராக்கோ 1-0 என்று வென்றது. கூடைப்பந்து 2017-இல்தான் வழிவிட்டது. அதற்குள் 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி ஆட்டத்தையே விட்டுப் போயிருந்தது.

வாங்குபவருக்குச் சில வார்த்தை. கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்துப் பயனில்லை. மாட்டிக்கொண்டு குனியுங்கள், அண்ணாந்து பாருங்கள், இரு பக்கமும் தோள் வரை முகத்தைத் திருப்புங்கள், பத்துத் தடவை குதியுங்கள். நெற்றியோரம் எங்கே வந்து நிற்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். வாய் திறந்து மூச்சு வாங்கும்போது தாடைக்கடியில் பிடித்தால் அது உங்கள் அளவு இல்லை. ரோட்டில் ஓடுபவர், சைக்கிள் ஓட்டுபவர் என்றால் காதருகே துளைத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். உள்பக்கத் தையல் தடிப்பாக இருந்தால் அது ஒரு மணி நேரத்தில் தோலை அறுக்கும்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள். அது இழைகளின் மேல் மெழுகு மாதிரி படிந்து, காசு கொடுத்து வாங்கிய அந்த மெல்லிய சந்துகளின் ஈர்ப்பைக் கெடுத்துவிடும். குளோரின் ப்ளீச்சும் சூடான இஸ்திரிப் பெட்டியும் எலாஸ்டேனுக்கு எமன். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போட்டால் போதும்.