குடல் எண்ணும் ஆண்டுகள்

பத்து வயதுச் சிறுமிக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவரில் நாள்பட்ட புண்ணும் அழற்சியும் உண்டாக்கும் நோய், என்று தெரியவருகிறது. மருந்தில் நோய் அடங்குகிறது, கல்லூரியிலும் சேர்ந்துவிடுகிறாள். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் குடல் புற்றுநோய் பற்றிப் பேச யாருக்குத் தோன்றும்? ஆனால் முதல் அறிகுறியிலிருந்து சுமார் 8 ஆண்டுகளில் கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை) கண்காணிப்பு தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். அவளுக்கு அது இந்த வயதில்தான் வருகிறது.

ஸ்வீடனின் உப்சாலா பகுதியில் 3,117 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1990-இல் வெளியானது. அழற்சி மலக்குடலோடு நின்றவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைப் போல 1.7 மடங்கு, குடல் முழுவதும் பரவியவர்களுக்கு 14.8 மடங்கு. இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய எண்கள் இவை, இப்போது அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் சிறுவயதில் வரும் நோய் பெரும்பாலும் குடல் முழுவதையும் பிடிக்கிறது. அவர்கள் அதோடு வாழப்போகும் ஆண்டுகளும் அதிகம்.

புண்ணான சுவரைச் சரிசெய்யச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏவில் பிழை நுழைய வாய்ப்பு உண்டு. அழற்சியில் வெளியாகும் வேதிப்பொருட்களும் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. சாதாரணக் குடல் புற்றுநோயில் முதலில் கெடுவது பெரும்பாலும் ஏபிசி மரபணு. பாலிப், அதாவது சிறு சதை மொட்டு, முளைக்கும், பி53 மரபணு கடைசிக் கட்டத்தில்தான் பழுதாகும். அழற்சிக் குடலில் வரிசை தலைகீழ். பி53 முன்கூட்டியே கெட்டு, அந்தச் செல்கள் புண்ணான இடங்களில் தட்டையாகப் படர்கின்றன. பாலிப் போல எழும்பாததால் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. அதனால்தான் சாயம் தெளித்துப் பார்க்கிறார்கள்.

சரி, யாருக்கு வரும் என்று எப்படிக் கணிப்பது? லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை ஆய்வு ஒன்று (2019) எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பயாப்சியிலும் (சோதனைக்கு எடுத்த குடல் திசுத் துணுக்கில்) தெரிந்த அழற்சிக்கு மதிப்பெண் கொடுத்து, அது நீடித்த ஆண்டுகளால் பெருக்கிக் கூட்டினார்கள். லேசான அழற்சி 10 ஆண்டு நீடித்தாலும், மிதமானது 5 ஆண்டு நீடித்தாலும் சுமை 10. இப்படி 10 கூடும்போதெல்லாம் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பானது. கடைசிச் சோதனை சுத்தமாக இருந்தாலும் பழைய சுமை கணக்கிலிருந்து அழிவதில்லை. பித்தநாளங்கள் சுருங்கித் தழும்பாகும் பிஎஸ்சி நோயும் சேர்ந்திருந்தால் அபாயம் எகிறும். அப்போது 8 ஆண்டு காத்திராமல் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறார்கள்.

என்னை உறுத்துவது ஒன்று உண்டு. குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது பழைய கோப்பு பின்தங்கிப் போனால், புது மருத்துவரின் கணக்கு தாமதமாகத் தொடங்கும். முதன்முதலில் ரத்தம் தெரிந்த மாதத்தையும் ஆண்டையும் பெற்றோர் எழுதி வைத்திருந்தால் பிள்ளைக்குப் பெரிய உதவி.

அப்புறம், பயாப்சியில் லேசான செல் மாற்றம் தெரிந்தால்? பலருக்கு அது புற்றாகவே மாறாது. இருந்தும் பெருங்குடலை எடுத்துவிடுவதா, காத்திருப்பதா என்ற கடினமான முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. 2025-இல் லண்டன் ஆய்வாளர்கள் அந்தச் செல்களில் டிஎன்ஏ துண்டுகள் எவ்வளவு கூடியோ குறைந்தோ இருக்கின்றன என்று எண்ணினார்கள். மாற்றம் அதிகமிருந்தவர்களுக்கே அடுத்த சில ஆண்டுகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.